களா நோன்புக் காலண்டர்

தாராவியில் எங்கள் தோல்பைப் பட்டறையின் மேல்தளத்துக்கு இரும்பு ஏணிதான் வழி. இருபது வருடம் தோல்சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி இறங்கியவள், ஒருநாள் வெறுங்கையோடு இறங்கும்போது வழுக்கி விழுந்தேன். பின்மண்டையில் அடி. ஸ்கேனில் ரத்தக்கசிவு எதுவும் இல்லை என்றார்கள். ஒரு மாதத்தில் தலைவலியும் போய்விட்டது. ஆனால் எதிலும் ஆசை இல்லாமல் போனது.

துக்கம் என்றால் அழுதாவது தீர்க்கலாம். இது துக்கமும் இல்லை. புதுப் பைக்கு அளவு வெட்ட அட்டையை எடுப்பேன். எடுத்த கை அப்படியே நிற்கும். சில நாள் நன்றாக இருப்பேன். சில நாள் பட்டறை மாஸ்டருக்கு ‘இன்னிக்கு வரலை’ என்று போனில் செய்தி அனுப்பிவிட்டுச் சுவரைப் பார்த்துக் கிடப்பேன். சோம்பேறிக் கழுதை என்று என்னை நானே ஏசிக்கொண்டேன்.

அப்படி ஒரு நாளில்தான் என் கணவர் கேட்டார்.

“ஏளா, பட்டறைய என் தம்பி கையில குடுத்துருவோமா? நீ ஒடம்பப் பாரு.”

“குடுத்துருங்க.”

நான் ஒற்றைத் தையல் மெஷினோடு தொடங்கிய பட்டறை அது. அப்படிச் சொன்னபோது எனக்கு வலிக்கவே இல்லை. நாலு நாள் கழித்து அதை நினைத்துத்தான் பயந்துபோனேன். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, மாட்டுங்காவில் ஒரு நரம்பு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன்.

மாதவிலக்குத் தேதிகள் நினைவிருக்கிறதா என்று கேட்டார். மண்டையில் அடிபட்டவளிடம் இதென்ன கேள்வி என்று சுருக்கென்றது. ஆனால் தேதிக்கு என்னிடம் பஞ்சமில்லை. ரமலானில் அந்த நாட்களில் விடுபடும் நோன்புகளைப் பிறகு பிடித்து ஈடுகட்ட வேண்டும். களா நோன்பு என்போம். அதற்காகக் காலண்டரில் புள்ளி வைக்கத் தொடங்கி, மாதாமாதம் வைப்பதே பழக்கமாகிவிட்டது.

அடுத்த முறை காலண்டரைச் சுருட்டி எடுத்துப் போனேன். டாக்டரம்மா என் போனில் இருந்த ‘வரலை’ செய்திகளின் தேதிகளை அதில் வட்டமிட்டார். அநேகமாக எல்லா வட்டமும் புள்ளிகளுக்கு முந்தைய மூன்று நான்கு நாட்களில் வந்து உட்கார்ந்திருந்தது.

“ஒரு வேலையைச் செய்யணும்னு ஆசை வர்றதுக்கு மூளையில டோபமைன் வேணும். அடிபட்டா அது தடுமாறும். ஈஸ்ட்ரோஜன்னு பெண்களோட ஹார்மோன் இருக்கே, அதை வாங்கிக்கிற ஏற்பிகள் மூளையிலயும் இருக்கு. அது வழியா டோபமைனுக்கு முட்டுக் கொடுக்கும். மாதவிலக்குக்கு முன்னால ஈஸ்ட்ரோஜன் இறங்கறது. உங்களுக்கு அதனாலதான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆராய்ச்சி இன்னும் நடந்துண்டிருக்கு. ஆனா அந்த நாள்ல பெரிய முடிவு எதுவும் எடுக்காதீங்கோ.”

மாத்திரையும் தினசரி நடையும் எழுதிக்கொடுத்தார். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். சந்தோஷ அழுகைதான். நான் சோம்பேறி இல்லை.

போன மாதம் மறுபடி அந்த நாட்கள் வந்தன. கணவர் கட்டிலருகே வந்து தயங்கி நின்றார்.

“தம்பி கேக்கான். என்ன சொல்ல?”

காலண்டரைப் பார்த்தேன். “வியாழக்கிழமை கேளுங்க.”

வியாழக்கிழமை அவர் பட்டறைக்கு வந்தபோது, கைப்பிடியைக் கோணலாகத் தைத்த மாஸ்டரை நான் இந்தியிலும் தமிழிலுமாக வறுத்தெடுத்துக்கொண்டிருந்தேன். சற்று நேரம் நின்று கேட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே தம்பிக்குப் போன் போட்டார்.

“நீ வேற எடம் பாருல.”