போகாத பச்சை

நூம்பலில் எங்கள் எதிர் வீட்டுக்காரர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டுகிறார். முப்பது வயதிருக்கும். நான் பூந்தமல்லிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சட்டைக் கையைச் சுருட்டியபடி வாசலில் வந்து நின்றார்.

"சார், நீங்க லேசர் பாடம் எடுக்கறீங்கல்ல? இத்த லேசர்ல அழிக்க முடியுமா?"

முன்கையில் பச்சை குத்தியிருந்தார். கறுப்பில் ஒரு பெண்ணின் பெயர், முடிவில் ஒரு சிவப்புப் பூ, பெயரைச் சுற்றிப் பச்சைக் கொடி. அந்தப் பெண் வேறொருவரைக் கட்டிக்கொண்டு போய் வருஷக்கணக்காகிறது. இப்போது இவருக்குக் கோவில்பதாகை என்ற ஊரில் பெண் பார்த்து நிச்சயம் ஆகியிருந்தது.

"கட்டிக்கப் போற பொண்ணுக்குத் தெரியும் சார். நானே சொல்லிட்டேன். ஒண்ணும் கோச்சிக்கல. ஆனா தாலி கட்டற கையில இது வேணாம்னு எனக்கே தோணுது."

பயமாக இருக்கிறது, கூட வாங்க என்றார். கிளம்பினேன். இத்தனை வருஷம் கரும்பலகையில் ஆற்றல் மட்டங்களைக் கோடு கோடாகப் போட்டிருக்கிறேனே தவிர, தோலில் படும் லேசரை நானும் பார்த்ததில்லை. தோல் டாக்டரின் கிளினிக்கில் காத்திருக்கும்போது கேட்டார்:

"உள்ள இன்னா சார் நடக்குது அந்த மெஷின்ல?"

"அணுக்களுக்கு முதல்ல சக்தி ஏத்தி வைப்பாங்க. அதுல ஒண்ணு கீழ இறங்கறப்போ ஒளியை விடும். அந்த ஒளி இன்னொரு அணு பக்கமா போனா, அதுவும் அதே மாதிரி ஒளியை விட்டுட்டு இறங்கிடும். ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். எல்லாம் ஒரே நிறம், ஒரே திசை, ஒரே தாளம்."

"எங்க ஏரியா மேளம் மாரி. ஒருத்தன் புடிச்சா எல்லாம் அதே அடி."

என் மாணவர்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. சந்தோஷமாக இருந்தது.

"தோலு கருகிடாதா சார்?"

"அந்த ஒளியை மைதான் அதிகமா குடிக்கும், தோல் அவ்வளவா குடிக்காது. குடிச்ச மை பொடிப்பொடியா உடைஞ்சிடும். உடம்பே அதைக் கொஞ்சம் கொஞ்சமா அள்ளிட்டுப் போயிடும்."

கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். டப் டப்பென்று சத்தம் வந்தபோதெல்லாம், ரப்பர் பேண்டால் அடித்த மாதிரி அவர் துள்ளினார். என் கை அவர் பிடியில் நசுங்கியது.

சில மாதங்களில் பெயர் மறைந்தது. பூவும் போயிற்று. கொடி மட்டும் அப்படியே இருந்தது. அவர் முகம் வாடிவிட்டது. டாக்டரிடம் கேட்டோம். அந்த மெஷினில் இரண்டே ஒளி: கறுப்பு மைக்குக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, சிவப்பு மைக்குப் பச்சை. பச்சை மை பச்சை ஒளியைக் குடிக்காமல் திருப்பி அனுப்பிவிடும். அதனால்தான் அது நம் கண்ணுக்குப் பச்சை. அதற்குச் சிவப்பு ஒளி வேண்டும், அந்த மெஷின் நகரத்துக்குள் வேறொரு கிளினிக்கில்தான் இருக்கிறது என்றார் டாக்டர். வகுப்பில் வாராவாரம் சொல்கிற விஷயம் எனக்கு முன்பே தோன்றவில்லையே என்று சிரிப்பு வந்தது.

அடுத்த வாரம் அவரும் அவர் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணும் பத்திரிகை வைக்க வந்தார்கள். நகரத்துக்குப் போக வேண்டியிருப்பதை அவர் சொன்னார். அவள் அவருடைய கையை இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு இன்னும் எரிச்சிக்கினு கெடக்கணும்? நல்லாத்தான கீது."

"நெஜமாவா?"

"பேருதான் போச்சில்ல? எல இன்னா பாவம் பண்ணிச்சி?"

என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

கல்யாணத்தன்று பந்தியில் எனக்கு அடுத்த வரிசையில் நின்றுகொண்டு, கூட வேலை செய்பவர்களிடம் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டிக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை. "பச்சை லைட்ட பச்சை குடிக்காது மாமே, தொரத்தி உட்ரும்." ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. நான் இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.