சீனக் கல்லறைப் பொம்மைகள் முன் ஒரு ஞாயிறு

ஞாயிறு காலை பத்தே கால். ரெய்னர்ஸ் லேன் நிலையத்தில் நானும் சுகந்தியும் ரயில் ஏறினோம். சுகந்தி என் அண்ணனின் ஒரே பிள்ளை. அண்ணன் இறந்து ஐந்து நாள். நோயில் கிடந்தவரைப் பார்க்க ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்தேன். அது செவ்வாயோடு முடிகிறது. தகனத்துக்குக் கிடைத்த நாளோ வெள்ளி. மகன் இல்லாத அண்ணனுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் நான்.

"முன்னுக்கு ஒரு நாளும் இல்லையாமோ?" என்று மறுபடியும் கேட்டேன்.

"நாலு இடம் கேட்டுட்டன் சித்தப்பா. எல்லா நாளும் புக் ஆயிட்டுதாம்."

வீட்டில் இருந்தால் அழுகைதான். சாவுத் தீட்டு, துடக்கென்பதால் கோயிலுக்கும் போகக்கூடாது. அதனால்தான் அருங்காட்சியகம். ரஸ்ஸல் ஸ்குவேர் வரை முக்கால் மணி நேரம், பிறகு ஏழெட்டு நிமிட நடை. அனுமதி இலவசம்.

பதினொன்றரைக்குச் சீனப் பகுதியில் நின்றோம். கண்ணாடிக்குள் அரசவை ஆண்களும் பெண்களும், எல்லாம் சுட்ட மண். பெண்களுக்கு உப்பிய கன்னம், தூக்கிக் கட்டிய கொண்டை, விரலை மறைத்துத் தொங்கும் சட்டைக்கை. உயரத் தொப்பி வைத்த ஆண்கள் கைகளைச் சேர்த்துப் பிடித்து, எசமான் கூப்பிடுவார் என்று நிற்கிறார்கள். உடையில் பச்சையும் தேன்நிறமும் வழிந்திருந்தன. முகத்தில் மட்டும் மெருகில்லை. இறந்த பிரபுவுக்குத் துணையாகக் கல்லறையில் வைத்தவை என்று அட்டையில் இருந்தது. நல்ல கூத்து! துடக்கென்று கோயிலைத் தவிர்த்துவிட்டு, நேரே பிணக்குழிச் சாமான்களிடம் வந்திருக்கிறோம்.

சுகந்தி அட்டையை இன்னொரு முறை வாசித்தாள்.

"இவையளை இஞ்ச கொண்டு வந்திட்டினம். அப்ப அந்த ஆளோட இப்ப ஆர் இருக்கினம்?"

முன்பின் தெரியாத அந்தச் சீனப் பிரபுவைச் சாட்டாக வைத்து, குளிர்ப்பெட்டியில் கிடக்கும் அண்ணனுக்காக அங்கேயே நின்று அழுதேன். காவலர் ஒருவர் வந்து உட்காரக் கதிரையைக் காட்டினார்.

"நான் வெள்ளி வரைக்கும் நிக்கிறன் பிள்ளை. வாறது வரட்டும்."

"விசா முடிஞ்சும் நிண்டால் பிறகு வர விடமாட்டினம் சித்தப்பா."

"பிறகு நான் ஆரைப் பாக்க வாறது?"

அவள் கதிரைக்கு அருகே வந்து நின்றாள்.

"என்னை," என்றாள்.

செவ்வாய் மாலை ஐந்து மணி, ஹீத்ரோ விமான நிலையம். இங்கே கொள்ளி என்பது தகனசாலையில் ஒரு பொத்தான். "நான் அமத்துறன். நீங்கள் யோசிக்காமல் போங்கோ," என்று சுகந்தி கையைப் பிடித்தாள். யோசிக்காமல் எப்படிப் போவது? ஊரில் என்றால் மறுநாளே எல்லாம் முடிந்திருக்கும். அங்கே செத்தவர்தான் எங்களை விட்டுப் போவார். இங்கே அண்ணன் கிடக்க, நான் போனேன்.