செல்வி பேசாமலிருந்த நாள்

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வார்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்க, நான் மட்டும் நின்று மூச்சை இழுத்தேன். நான் படித்த மருத்துவக் கல்லூரியின் வாசனை அது. தொண்ணூறுகளில் தில்லியில் புதிதாகத் தொடங்கிய கல்லூரி. நாங்கள்தான் முதல் பேட்ச். ஈரச் சுவரில் சாய்ந்து, முதுகில் சுண்ணாம்போடு வீடு திரும்புவோம்.

அங்கே ஒரு விநோத ஏற்பாடு. சேர்ந்த மாதமே ஆளுக்கொரு குடும்பத்தை ஒப்படைத்துவிடுவார்கள். வாராவாரம் அவர்கள் வீட்டில் போய் உட்கார வேண்டும். மருந்து பற்றி வாயைத் திறக்கக் கூடாது, பேசவிட்டுக் கேட்க வேண்டும் என்பது டீனின் உத்தரவு. மயூர் விஹார் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "டாக்டருக்குப் படிக்க அனுப்பினா அரட்டை அடிக்கவா சொல்லித் தராங்க?"

தமிழ் தெரியும் என்று எனக்குச் செல்வியின் வீட்டைக் கொடுத்தார்கள். விழுப்புரம் பக்கத்துக்காரி, கட்டட வேலை, ஜுக்கி என்று அங்கே சொல்லும் குடிசைப் பகுதியில் ஓர் அறை, ஐந்து மாதக் கர்ப்பம். இந்தி கலந்த என் தமிழின் லட்சணத்தைக் கேளுங்கள்: "அச்சா, சாப்பாடெல்லாம் ஜல்தி ஜீரணமாகுதா?" அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனாலும் அன்றைக்கே என்னை 'டாக்டரம்மா' ஆக்கிவிட்டாள். டாக்டருக்கு அடையாளமாக என்னிடம் இருந்தது தோளில் நிற்காத ஒரு வெள்ளைக் கோட்டு மட்டும்தான்.

செல்விக்கு வாய் ஓயாது. மேஸ்திரியின் மீசை, ஊர்த் திருவிழா, தண்ணீர் லாரிச் சண்டை என்று போய்க்கொண்டே இருப்பாள். முதல் குழந்தை தங்கவில்லை என்பதையும் அந்தப் பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னாள். அப்போது ஆஸ்பத்திரியில் இந்தி புரியாமல் விழித்தவளை எல்லோர் முன்னாலும் விரட்டினார்களாம். "இனிமே செத்தாலும் அந்தப் பக்கம் போவ மாட்டேன்."

குளிர் தொடங்கியபின் ஒருநாள் போனபோது பேச்சே இல்லை. முகம் உப்பியிருந்தது.

"என்னக்கா?"

"தலை இடிக்குதும்மா. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது."

என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பாடம் வர இன்னும் வருஷங்கள் இருந்தன. ஆனால் செல்வி பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்பதே என்னைக் கலக்கியது.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

என் கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். "நீ உள்ளார வருவியா?"

"உன் கையை விட மாட்டேன்க்கா."

நானும் அக்கம்பக்கத்தாருமாக அவளை ஆட்டோவில் தூக்கி ஏற்றினோம். ரத்த அழுத்தம் எகிறியிருந்தது; தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார்கள். கேட்டதையெல்லாம் தமிழாக்கியபடி ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை அவளோடு நடந்தேன். பெண் குழந்தை. கோழிக்குஞ்சு மாதிரி இருந்தது. இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

நான் இறுதி ஆண்டில் இருந்தபோது அந்தக் குடிசைகளை இடித்தார்கள். செய்தி தெரிந்து நான் போவதற்குள் லாரிகள் கிளம்பிவிட்டன. செல்வியை ஊர்க்கோடிக்குக் கொண்டுபோனார்கள் என்றார் ஒருவர், விழுப்புரத்துக்கே போய்விட்டாள் என்றார் இன்னொருவர். கல்லூரியிலும் குடும்பத்தை ஒப்படைக்கும் வழக்கம் போயிற்று. அந்த நேரத்தில் இப்போது பரீட்சைக்குப் பயிற்சி.

குடிசைகள் இருந்த இடம் இன்று பூங்கா. சமீபத்தில் அங்கே நடக்க வந்த ஒரு தமிழரிடம், முன்பிருந்த குடிசை வீடுகள் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

"இங்க வீடெல்லாம் இருந்துதா என்ன?" என்றார்.