சீட்டு ஒட்டாத மட்டை

"கண்ணைக் கட்டி விடுங்க. ஒரு சுண்டு சுண்டினா போதும். எந்த நரம்பு, எத்தனை பவுண்டு இழுப்பு, எல்லாம் சொல்லிடுவேன். சீட்டு ஒட்டறதெல்லாம் மறதிக்காரன் பொழப்பு!"

டென்னிஸ் மைதானத்துப் படிக்கட்டுக்கு அடியில், குனிந்தால்தான் நுழைய முடிகிற அறையிலிருந்து இந்தப் பிரகடனம் இருபது வருடமாக வெளிவந்துகொண்டிருந்தது. மட்டைக்கு நரம்பு கட்டும் அந்த மனிதருக்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் சுருதி. மற்றவர்கள் கட்டி முடித்த மட்டையில் விவரச் சீட்டு ஒட்டுவார்கள். இவர் காதருகே வைத்துச் சுண்டி, ஞானம் பெற்றவர்போல் கண்ணை மூடுவார்.

அன்று காலை அவருடைய அக்கா மகள், கட்டக் கொடுத்திருந்த மட்டையை வாங்க வந்தாள். முழங்கை வலியால் எட்டு மாதம் ஆடாதவளுக்கு அன்றுதான் முதல் போட்டி. பாலியெஸ்டர் நரம்பில் முரடும் உண்டு, சாதுவும் உண்டு. முரடு பந்தை நன்றாகச் சுழற்றும், நினைத்த இடத்தில் இறக்கும். கூடவே அதிர்வு முழுவதையும் முழங்கைக்குப் பார்சல் கட்டி அனுப்பும். "இன்னொரு தடவை வீங்கினா ஆட்டத்தை மறந்துடு" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அவளுக்குச் சாது நரம்பு, நாற்பத்தெட்டு பவுண்டு, அன்று விடிந்ததும் கட்டியது. ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். போனாள்.

அப்புறம்தான் அதே ஆணியில் மிச்சமிருந்த, வாடிக்கைக்கார வக்கீல் ஒருவரின் மட்டையைப் பார்த்தார். அதே மாடல், அதே கறுப்பு. நரம்பின் நிறமும் அதேதான்; ஆனால் முரட்டு வகை, மூன்று நாள் முன்பு ஐம்பத்தைந்தில் கட்டியது.

மிச்சமிருப்பது வக்கீலுடையதுதானா?

எடுத்துக் காதருகே வைத்தார். சுண்டினார். டங். பாலியெஸ்டர் சும்மா தொங்கினாலே தளரும். மூன்று நாள் ஆறிய ஐம்பத்தைந்தும் புத்தம்புது நாற்பத்தெட்டும் ஒரே குரலில்தான் பேசும். ஊருக்கெல்லாம் உபதேசித்த பாடம் இப்போது அவர் கழுத்தையே பிடித்தது. மறுபடி சுண்டினார். நெஞ்சு அதைவிடச் சத்தமாக அடித்தது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

அவள் பயிற்சிச் சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மாமா, நீங்களா ஆடப்போறீங்க? இப்படி வேர்த்து ஊத்துது?"

"கை வலிக்குதா?"

"தெரியல மாமா. வலியா, வலிச்சிடுமோங்கற பயமான்னே புரியல. ஆனா உங்க காது பாத்துக் குடுத்த மட்டையாச்சே, அந்த தைரியத்துலதான் ஓங்கி அடிக்கறேன்."

சுருதி அவள் கையிலிருந்த மட்டையைப் பார்த்தார். வாயைத் திறக்காவிட்டால் இருபது வருடப் பேர் தப்பிக்கும். முழங்கை தப்பிப்பது பாதிக்குப் பாதி.

"அதைக் குடு."

"சுண்டிப் பாக்கவா?"

"இல்லம்மா. எதைக் குடுத்தேன்னு எனக்கே தெரியல."

அவள் மட்டையை மெதுவாக நீட்டினாள். "அம்மாவுக்குத் தெரிஞ்சா உங்களைத்தான் நரம்பு மெஷின்ல மாட்டி இழுப்பாங்க."

"இழுக்கட்டும். உனக்கு முந்தின ஆட்டம் முடிய எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணாவது செட் இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. அரை மணியாவது ஆகும்."

அறைக்குத் திரும்பி இரண்டு மட்டைகளின் நரம்பையும் வெட்டி எறிந்தார். அவளுக்கு ஒன்றில் புதிதாகக் கட்டினார். ஒவ்வொரு இழுப்புக்கும் மெஷின் காட்டிய எண்ணை இருமுறை பார்த்தார். முடித்ததும், நரம்பு வந்த அட்டைப்பெட்டியில் ஒரு துண்டு கிழித்து எழுதினார்: சாது, 48. அவசரத்தில் எட்டு கோணலாக வந்தது. அதைத் திருத்தி, கைப்பிடிக்கு மேலே ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நின்றார்.