எண்ணூரில் கட்டிப்போட்ட படகு

நெதர்லாந்து நாட்டு அறிஞர் சங்கம் என்றால், கோட்டு போட்ட கிழவர்கள் ஏசி அறையில் ஒருவருக்கொருவர் கைதட்டிக்கொள்வது என்றுதான் நம்பியிருந்தேன். மொழிபெயர்க்கப் போகிற எனக்கும் பிஸ்கெட் கிடைக்கும் என்று கிளம்பி வந்தேன். கிடைத்திருப்பது எண்ணூர் ஆற்றங்கரையில் மீனவர்களின் முறைப்பு.

அந்தச் சங்கத்தின் உதவித்தொகையில் வந்திருக்கும் ஹன்னாவுக்கு ஆற்றுச் சேறு வேண்டும், ஆய்வு செய்ய. படகுக்குச் சொந்தக்காரரான செல்வி கயிற்றை அவிழ்க்க மறுக்கிறார்.

"எத்தினி பேரு சேறு வாரிகினு போய்ட்டீங்க! எறா ஏன் சாவுதுன்னு ஒருத்தனாவது திரும்பி வந்து சொன்னானா?"

சுற்றிலும் ஆட்கள் கூடுகிறார்கள். ஆற்றில் தூக்கிப் போட்டால் மூக்குக்கண்ணாடியைக் காப்பாற்றுவதா, செல்போனையா என்று யோசித்துக்கொண்டே மொழிபெயர்க்கிறேன். என் தமிழே எனக்குத் திக்குகிறது.

ஹன்னா நிதானமாக விளக்குகிறார். அவர்கள் சங்கத்தில் பேராசிரியர்களோடு பேக்கரிக்காரரும் உறுப்பினர். உதவித்தொகை வாங்கியவர் ஊர் திரும்பியதும் பொதுக்கூட்டத்தில் நின்று, யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும்.

"ஷோக்காகீது! சேறு எங்க ஆத்துது, பதிலு மட்டும் உங்க ஊருக்கா?" என்று கேட்ட செல்வி என் பக்கம் திரும்புகிறார். "இன்னா நைனா, பேந்த பேந்த முழிக்கிற? அதையும் சொல்லு."

சொல்கிறேன். ஹன்னா சங்கச் செயலாளரைப் போனில் பிடித்துப் பேசுகிறார். முதல் கூட்டம் இங்கே மீன் ஏலக் கொட்டகையில், அதன் பிறகுதான் அவர்கள் ஊரில் என்று முடிவாகிறது.

"கூட்டத்துக்கு நீயும் வரணும், ஆமா. இல்லாட்டி யாரு எங்களுக்குச் சொல்றது?" என்கிறார் செல்வி.

தலையாட்டுகிறேன். கயிறு அவிழ்கிறது. சேறெடுக்கப் போகிறோம்.