இரண்டாம் ரகத் தோல்

எழுபத்தாறோ எழுபத்தேழோ, வருஷம் சரியாக நினைவில்லை. போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெரிய வெளிநாட்டுக் கார் வந்து நின்ற வருஷம் என்று சொன்னால் எங்கள் தெருக்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும். மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட்டில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் ஊரைப் பார்த்துக் கிளம்பியபோது என் கணவர் அதை வாங்கிவிட்டார். முன்னால் எங்கள் ஏலத்தோட்டத்து ஜீப்பு, பின்னால் இந்தக் கார் என்று போடிமெட்டு வளைவுகளில் மெல்ல மெல்ல இறக்கிக் கொண்டுவந்தார்கள்.

வெளியே பார்த்தால் ராஜா வீட்டு வண்டி. கதவைத் திறந்தால் எலி குடும்பம் நடத்திய சீட்டு. சுருள் கம்பியெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஏலக்காய்ச் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்துதான் இவர் அவ்வளவு தூரம் ஓட்டி வந்திருந்தார். இறங்கி நின்றபோது அந்த முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. முதுகில் கம்பி குத்தியதைக்கூட இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார்.

எங்களுடையது அப்போது கூட்டுக் குடும்பம். என் கணவரின் அண்ணன், அவர் மனைவி, அவர்களுடைய நான்கு பிள்ளைகள், பிறகு நாங்கள் இருவர். "ரெக்சினப் போட்டு விட்றா, சோலி முடிஞ்சிச்சு" என்றார் அண்ணன். இவர் கேட்கவில்லை. இந்த மாதிரி வண்டிக்குத் தோல்தான் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பிறகு என்னிடம் வந்து, "இந்தா, நீயும் கெளம்பு. சேல எடுக்குறதுல ஒன்ன அடிச்சுக்க ஆளில்ல. தோலையும் நீயே பாத்து எடுத்துக் குடு" என்றார். 'இந்தா' என்பதுதான் கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்கு வைத்திருந்த பெயர்.

மதுரைக்கு நாங்கள் இருவர் மட்டும் போவது புதிதில்லை. கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் வயிற்றில் ஒரு புழு பூச்சி உண்டாகவில்லை என்று டாக்டரம்மாவைப் பார்க்க அடிக்கடி போய்க்கொண்டுதான் இருந்தோம். அப்படிப் போய்த் திரும்பும்போது பஸ் உசிலம்பட்டியைத் தாண்டும் வரைக்கும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள மாட்டோம். டாக்டரிடம் காட்டுவதற்காக இல்லாமல் மதுரைக்குக் கிளம்பியது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டுச் சேலை கட்டி, தலை நிறைய மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு கிளம்பினேன். தோல் வாங்கப் போகிறவள் மாதிரியா இருந்தேன், கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி இருந்தேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆறு வருஷத்தில் என் கணவர் ஒருநாள்கூட, நமக்கு ஒரு பிள்ளை இல்லையே என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. வீட்டில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் ஏலக்காய் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். அவருக்கு அந்த ஆசையே கிடையாது, எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அவராவது வருந்தாமல் இருக்கிறாரே என்று அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. ஆனால் ராத்திரி விழித்துக் கிடக்கும்போது, சேர்ந்து அழக்கூட ஆள் இல்லையே என்று இருக்கும்.

சீட்டு தைக்கிற கடை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. படியேறிப் போக வேண்டும். கடைக்காரர் நல்ல வாட்டசாட்டமான மனிதர், வாய் நிறைய வெற்றிலை, பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. மேசைமேல் மூன்று தோல் துண்டுகளை வரிசையாக விரித்துவிட்டு, எடுத்துப் பாருங்கள் என்று ஒதுங்கி நின்றார்.

என் கணவருக்கு ஏலக்காயைத் தவிர வேறு உலகம் தெரியாது. ஏலம் விடுகிற கூடத்தில் ஏலக்காய்த் தட்டு முன்னால் வந்தால் என்ன செய்வாரோ அதையேதான் தோலுக்கும் செய்தார். கட்டைவிரலால் தேய்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு மோந்தார். கடைசியில் நடுவில் இருந்ததைத் தட்டி, "ஒரு புள்ளி இல்ல, ஒரே நெறம். இதான் மொத ரகம்" என்று தீர்ப்புச் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். காய் என்றால் ஒரே பச்சையாக, புள்ளி விழாமல் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் யாரைக் கூட்டி வந்திருந்தாலும் அந்தத் துண்டைத்தான் எடுத்திருப்பார்கள்.

கடைக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "போடிக்காரருன்னு நீங்க சொல்லவே வேணாம்ணே. அது ரெண்டாவது ரகம். இந்தா, புள்ளியும் கோடுமா இருக்கே, இதுதான் ஒசத்தி" என்றார். முதல் ரகத் தோலில் மேல்பூச்சு கிடையாதாம். எருமை முள்வேலியில் உரசிய கீறல், உண்ணி கடித்த தழும்பு எல்லாம் அப்படியே தெரியுமாம். தழும்பு கூடிப்போன தோலைத்தான் தேய்த்து மட்டமாக்கி, மேலே சாயம் ஏற்றி, ஒரே நிறமாக்கி இரண்டாம் ரகமாக விற்கிறார்களாம். மூன்றாவது, தோலின் அடிப்பாகத்தை உரித்தெடுத்து மொத்தமாகப் பூச்சுப் பூசியது. நாலு கோடையில் வெடித்துவிடும் என்று அவரே அதைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டார்.

முதல் ரகத் துண்டை எடுத்து என் மடியில் போட்டுக்கொண்டேன். கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம் போல மெத்தென்று இருந்தது. ஒரு மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அதைத் தடவத் தடவ எனக்கு அதை விட மனசு வரவில்லை. "இதே இருக்கட்டுங்க" என்றேன். "ஒனக்குப் புடிச்சாச் சரிதேன்" என்றார் அவர். எல்லாம் முடிந்துவிட்டது.

அளவு எழுதப் போன கடைக்காரர் ஏதோ ஞாபகம் வந்தவர்போல் திரும்பினார். "அண்ணே, வீட்ல சின்னப் பிள்ளைக இருக்கா? ஏன் கேக்குறேன்னா, இந்த ஒசத்தித் தோலு எது பட்டாலும் உள்ள குடிச்சிரும். கறை எறங்கிட்டா அப்புறம் என்ன செஞ்சாலும் போகாது."

நான் எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் கேள்வி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தேன். இல்லை என்று என் கணவரே சொல்லட்டும், அல்லது அண்ணன் பிள்ளைகளைச் சொல்லிச் சமாளிக்கட்டும் என்று இருந்தேன்.

அவர் கையை நீட்டி அந்த இரண்டாம் ரகத் துண்டைத் தொட்டார். "இதுல பச்சப்புள்ள பாலு கக்கிருச்சுன்னா?" என்று கேட்டார்.

"ஈரத்துணியால ஒரு தொட. போயிரும்ணே."

"அப்ப இதையே போட்டுருங்க."

பச்சைப்பிள்ளை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டேன். அதுவும் சும்மா ஒரு பிள்ளை இல்லை, பால் கக்குகிற பிள்ளை. நான் பின் சீட்டில் உட்கார்ந்திருப்பதும், என் தோளில் ஒன்று கிடப்பதும், மலை வளைவில் வண்டி திரும்பும்போது அதற்குக் குமட்டுவதும் அவர் மனசுக்குள் எத்தனை தடவை ஓடியிருந்தால் இந்தக் கேள்வி வரும்? இத்தனை வருஷமாக என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, என்னைவிடக் கூடுதலாகவே ஆசைப்பட்டிருக்கிறார். மடியில் இருந்த தோலைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தேன்.

கடைக்காரர் என் கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையிலிருந்த பூவைப் பார்த்தார். அவராகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். எத்தனை மாசம் என்றெல்லாம் கேட்கவில்லை, நாகரிகம் தெரிந்தவர். மேசை விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். "தங்கச்சி, இங்கிட்டுப் பசை வாடை அடிக்கும். இந்த நேரத்துல அது ஆகாது. சன்னல் பக்கம் வந்து உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகுக்குப் புதிதாகத் தைத்த ஒரு குஷனையும் வைத்தார். எதிர்க் கடைக்குக் குரல் கொடுத்து, சீனி தூக்கலாக ஒரு பால் வாங்கி என் கையில் கொடுத்தார். அவர்கள் இரண்டு பேருக்கும் வெறும் டீதான்.

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். அதெல்லாம் ஒன்றுமில்லைங்க என்று யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம். இரண்டு பேருமே சொல்லவில்லை. நான் அந்தப் பாலைச் சொட்டு விடாமல் குடித்தேன். அவர்கள் அளவு பேசி முடிக்கும்வரை, சன்னலோரத்தில் காற்று வாங்கிக்கொண்டு நான் பிள்ளைத்தாய்ச்சியாக உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது, "பாத்து எறங்குங்க, படி செங்குத்தா இருக்கும்" என்றார் கடைக்காரர். என் கணவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கடைக்காரர் பார்க்கிறாரே என்று பிடிக்கிறார் என நினைத்தேன். சந்து திரும்பியும் விடவில்லை. ரோட்டில் மனைவியைத் தொட்டு நடக்கிற ஆளே இல்லை அவர். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்தக் கை அப்படியே இருந்தது.

அன்றைக்கும் உசிலம்பட்டி தாண்டும்வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த மௌனத்தில் நான் தனியாக இல்லை.

கார் தயாராகி வந்தது. புது வண்டியில் முதலில் வீட்டுப் பிள்ளை ஒன்றை உட்கார வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அண்ணனின் கடைசி மகளைக் கையில் கருப்பட்டி மிட்டாயோடு தூக்கி வைத்தார்கள். சீட்டெல்லாம் பாகை அப்பிவிட்டாள். யாரும் திட்டுவதற்குள் என் கணவர் ஈரத்துணியோடு ஓடிவந்து துடைத்தார். துடைத்துவிட்டு நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார். அண்ணன் சீட்டைத் தேய்த்து, மோந்து பார்த்து, "ஒரு புள்ளி இல்ல. மொத ரகம்டா" என்றார். நாங்கள் திருத்தவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, காரின் முன்பக்கத்துச் சின்னப் பெட்டியில் ஒரு துணியைப் பார்த்தேன். அவருடைய பழைய வேட்டியைக் கிழித்து, துவைத்து, நாலாக மடித்து வைத்திருந்தார். பிறந்த பிள்ளையைச் சுற்றுவதற்கு எங்கள் பக்கம் அப்படிப்பட்ட பழைய வேட்டித் துணியைத்தான் எடுத்து வைப்போம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டு, மறுபடி அதே மடிப்பில் வைத்துவிடுவேன்.

பிறகு பாகம் பிரிந்தது. அண்ணன் குடும்பம் தேனிக்குப் போய்விட்டது. அந்தப் பெரிய காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். சிலமலையில் காதுகுத்து, குரங்கணியில் ஒரு கிடாவெட்டு என்று ஊர்ப்பிள்ளைகளின் விசேஷங்களுக்கெல்லாம் போனோம். நான் பின் சீட்டில் உட்காருவேன். அவர் கண்ணாடியில் அவ்வப்போது பார்ப்பார். டாக்டரிடம் போவது எப்போது நின்றது என்றே தெரியவில்லை, தானாக நின்றுபோனது.

எண்பதுகளின் நடுவில் மழை பொய்த்து ஏலச்செடி காய்ந்தபோது காரைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். வாங்க வந்தவரும் ஏலக்காய் வியாபாரிதான். சீட்டைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "எத்தன வருசத்து சீட்டுண்ணே இது? ஒரு கறை இல்லையே. நேத்துத் தச்ச மாதிரில்ல வச்சிருக்கீங்க" என்றார். பாராட்டித்தான் சொன்னார். கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்த நான் கையிலிருந்த சாவியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

என் கணவர் அவரிடம், "வீட்ல சின்னப் பிள்ளைக இருக்கா?" என்று கேட்டார்.

"மூணுண்ணே. கடக்குட்டி இப்பத்தேன் தவழுது."

இவர் காருக்குள் குனிந்து, அந்தப் பெட்டியைத் திறந்து, துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "நனச்சுத் தொடச்சாப் போயிரும். இத வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். சாவியை நான்தான் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து ஒரு சந்தை நாளில் கடைவீதியில் நாங்கள் நடந்து போகும்போது அந்தக் கார் எங்களைத் தாண்டிப் போனது. பின் சீட்டில் ஒரு பிள்ளை ஏறி நின்றுகொண்டு, கண்ணாடியில் வாயை வைத்து எச்சில் பண்ணிக்கொண்டிருந்தது. கார் திரும்பி மறையும்வரை இவர் நகரவில்லை. அப்புறம், "நல்ல வேள, நீ கேட்ட தோல எடுக்கல" என்றார். இரண்டு பேரும் நடுரோட்டில் நின்று சிரித்தோம். சிரித்து முடித்ததும் முந்தானையை எடுத்து நான் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் மேல்துண்டை எடுத்தார்.

இப்போது அவர் இல்லை. கேட்டது கிடைக்கவில்லை என்ற வருத்தம் வயதோடு சேர்ந்து கொஞ்சம் ஆறிவிட்டது. ஆனாலும் யாராவது சீனி தூக்கலாகப் பால் கலந்து கையில் கொடுத்தால், குடிப்பதற்கு முன்னால் என் முழங்கை அவர் கையைத் தேடிவிடுகிறது.