பொட்டு வைத்த சான்றிதழ்

எனக்கு ஊசி போடத் தெரியும். பெங்களூருவில் இதை நான் யாரிடமும் சொல்ல வேண்டியிருந்ததில்லை. எங்கள் ஊரில்தான் ஒரு மழைக்காலம் முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கூடவே, "ஆனா போட மாட்டேன்" என்றும்.

கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பெங்களூருவில் நர்சிங் படித்து, அந்த மாநிலத்து கவுன்சிலில் பதிவு செய்து, அங்கேயே பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலையும் பார்த்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கும் விதத்திலேயே இதையெல்லாம் தெரியப்படுத்திவிடுவேன்.

பிறகு கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவமனையில் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் என் மனதில் இருந்தது அந்த டவுன் பஸ்தான். காலையும் மாலையும் வெள்ளை உடையில் நான் அதில் ஏறி இறங்குவதை ஊர் மொத்தமும் பார்க்கும்.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு மாநிலத்தில் பதிவு செய்த நர்ஸ் இன்னொரு மாநிலத்தில் நோயாளியைத் தொட வேண்டுமானால், முதலில் அங்கே ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். பிறகு இங்கே வந்து மறுபடி பதிய வேண்டும். மாதக் கடைசிக்குள் அதை முடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். இது எனக்குத் தெரியாததில்லை, பாடத்திலேயே வந்தது. ஆனாலும் உளுந்தூர்பேட்டையில் இறங்கி பஸ் மாறுவதுபோல்தான் நினைத்துக்கொண்டேன். பெங்களூரு வேலையை விட்டு, விடுதியைக் காலி செய்து, பெட்டியோடு வந்து இறங்கி, ஊருக்கெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன்.

அந்தச் சான்றிதழுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதற்கு முந்தைய ஆயுத பூஜைக்கு லீவில் வந்திருந்தேன். எங்கள் வீட்டில் அன்று கரும்பு வெட்டும் கத்தி, அரிவாள், மண்வெட்டி, அப்பாவின் சைக்கிள் எல்லாம் குளித்துச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொள்ளும்.

"உன்னுதையும் கொண்டாந்து வைடி. நீயும் தான வேலை செய்யிற" என்றாள் அம்மா.

ஸ்டெதஸ்கோப்பை வைத்திருக்கலாம். கத்தரிக்கோலை வைத்திருக்கலாம். நான் சான்றிதழைக் கொண்டுபோய் வைத்தேன். அக்கம்பக்கத்தார் பூஜைக்கு வருவார்கள், அரசாங்க முத்திரையைப் பார்க்கட்டும் என்று. அம்மாவுக்கு முத்திரை கண்ணில் படவில்லை. மூலையில் ஒட்டியிருந்த என் போட்டோதான் பட்டது. பொட்டு இல்லாமல் இருப்பதுதான் நாகரிகம் என்று விடுதியில் நான் நம்பியிருந்த காலத்தில் எடுத்தது.

"இன்னாடி இது, நெத்தி காலியா கெடக்குது" என்று சந்தனத்தைத் தொட்டு, அதன்மேல் குங்குமத்தைத் தொட்டு, போட்டோவின் நெற்றியில் கச்சிதமாக வைத்துவிட்டாள். மஞ்சள் ஈரம் காகிதத்தில் ஊறியது. நான் தடுக்கவில்லை. எல்லோரும் அழகாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் கள்ளக்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். லேமினேஷன் போட்டு, பிறகு சட்டமும் போட்டு மாட்ட வேண்டும் என்று ஆசை.

"தொடச்சா போட்டோவே வந்துடும்மா. அப்டியே போட்டுடவா?" என்றார் கடைக்காரர்.

"போடுங்கண்ணா. ஆயுசுக்கும் கெடக் கூடாது."

அவர் வேலையில் சுத்தம். ஆயுசுக்கும் கெடாது.

பெங்களூரு கவுன்சில் அலுவலகத்துக்கு அம்மாவும் கூட வந்தாள். வழி முழுக்கச் சான்றிதழை மடியிலேயே வைத்திருந்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தமிழ் பேசினார். வாங்கியவுடன் பின்பக்கம் திருப்பினார்.

"இங்க சீல் வச்சு கையெழுத்துப் போடணும். பிளாஸ்டிக் மேல எப்படிம்மா வைக்கிறது?"

பிறகு முன்பக்கம் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "போட்டோல இது என்ன?"

"நான் வச்சதுங்க" என்றாள் அம்மா, பெருமையாக.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா வேற சான்றிதழ் எடுக்கணுமே." கெட்டுப்போனதை ஒப்படைத்து, எப்படிக் கெட்டது என்று எழுதித் தரச் சொன்னார். எனக்கு வந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி, சமய நிகழ்ச்சியொன்றில் தற்செயலாக ஏற்பட்ட சேதம் என்று எழுதினேன்.

அவர் அதைப் படித்தார். "லேமினேஷனும் தற்செயலா ஆயிடுச்சாம்மா?"

புதுச் சான்றிதழ் வந்து, அதன் பிறகுதான் ஆட்சேபம் இல்லை என்ற கடிதம், அதன் பிறகுதான் சென்னையில் மறுபதிவு. மாதக் கடைசி வந்து போனது. மருத்துவமனையில் கெஞ்சி இன்னும் கொஞ்ச நாள் வாங்கினேன். அதுவரை வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு அது வசதியாகப் போயிற்று. டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசி மருந்தை வாங்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"எனக்கு ஊசி போடத் தெரியும் பெரிம்மா. ஆனா போட மாட்டேன். இந்த ஸ்டேட்ல இன்னும் பதியல."

"ஏண்டி, பெங்களூர்ல குத்துனா மருந்து உள்ள போவும், இங்க குத்துனா வெளிய வந்துடுமா?"

"அப்டி இல்ல பெரிம்மா, அது சட்டம்."

"இன்னா சட்டமோ. எட்டு ஊருக்கு நர்சு நர்சுன்னு சொல்லிக்கினு திரிஞ்ச. ஒரு ஊசிக்கு நான் கள்ளக்குறிச்சி போவணுமா?"

அம்மா உள்ளேயிருந்து எனக்காகப் பரிந்து பேசினாள். "அவ வந்துட்டா, அக்கா. அவ கையி இன்னும் பெங்களூர்லருந்து வரல."

பெரியம்மா ஊசி மருந்தோடு பஸ் ஏறிப் போனாள். நான் கனவு கண்ட அதே டவுன் பஸ்.

ஒரு நாள் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. இனியும் காத்திருக்க முடியாது, வேறு பெண்ணை எடுத்துவிட்டோம் என்றார்கள். "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் பின்னால் போய் அழுதேன். அழுகையை விட, அந்த வெள்ளை உடையை ஏற்கெனவே தைத்து வைத்திருந்ததுதான் அவமானமாக இருந்தது.

ஒருவழியாக இந்த மாநிலத்துப் பதிவும் கைக்கு வந்தபோது, பக்கத்தில் காலியாக இருந்தது ஒரே ஒரு வேலைதான். கல்வராயன் மலையில், வெள்ளிமலையையும் தாண்டி ஒரு சுகாதார நிலையம். எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து யாரும் போக விரும்பாத இடம். ஏன் மலைக்குப் போக விரும்புகிறாய் என்று நேர்காணலில் கேட்டபோது, மக்கள் சேவை என்று கூசாமல் சொன்னேன்.

முதல் நாள் முதலில் வந்தவள் காலில் ஆணி குத்திய ஒரு மலைக்காரப் பெண். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கீழ இருந்து வந்தவளா?"

"ஆமாங்க, கச்சிராயபாளையம் பக்கம்."

"அம்மாந்தூரமா? எப்ப திரும்பிப் போவ?"

"போக மாட்டேங்க. இங்கதான் வேலை."

"முன்னாடி வந்தவளும் இதான் சொன்னா." பெஞ்சில் உட்கார்ந்தாள். "சின்னப் பொண்ணா இருக்கிற. ஊசி போடத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். அதோடு நிறுத்தினேன். "ஆனா" என்று தொடங்க வேண்டியிருக்கவில்லை.

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் பைக்குள் புதுச் சான்றிதழ் இருந்தது. அதற்காக எத்தனை பஸ் ஏறியிருப்பேன்! எடுத்து நீட்டிவிட்டேன். அவள் அதை வாங்கி, எழுத்தின் பக்கமே போகாமல், மூலையில் இருந்த போட்டோவைக் கூர்ந்து பார்த்தாள். அதே பழைய போட்டோவின் இன்னொரு பிரதி.

"மூஞ்சி வெறிச்சுனு கெடக்குது. ஒரு பொட்டு வச்சு எடுத்திருக்கக் கூடாது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள்.